வாக்குகளால் எழுந்த வளாகம்: வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அடித்தளம்

1819 ஜனவரி 25 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலப் பொதுப்பேரவை, சார்லட்ஸ்வில் என்ற சிற்றூரின் அருகே பாதி கட்டப்பட்டு நின்ற ஒரு கல்லூரியை மாநிலப் பல்கலைக்கழகமாக அறிவித்து அதற்குச் சாசனம் வழங்கியது. எட்டு நாள் கழித்து, டார்ட்மத் கல்லூரி வழக்கில், தனியார் கல்லூரி ஒன்றுக்கு அளிக்கப்பட்ட சாசனம் ஓர் ஒப்பந்தத்துக்கு நிகரானது என்றும், மாநில அரசு தன் விருப்பப்படி அதைத் திருத்த முடியாது என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கிற கல்லூரிகளைக் கைக்கொண்டு பொது நிறுவனங்களாக மாற்றும் வழியை இத்தீர்ப்பு பெரும்பாலும் அடைத்துவிட்டதால், தன் ஆளுகைக்குட்பட்ட உயர்கல்வி நிறுவனம் வேண்டும் என்று எண்ணிய மாநிலம் அதைத் தானே தோற்றுவிக்க வேண்டியதாயிற்று. தோற்றுவிப்பதற்குச் சட்டமன்றத்தின் வாக்கும் கருவூலத்தின் பணமும் தேவைப்பட்டன. அந்த வாக்கையும் பணத்தையும் திரட்டுவதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசியல் எவ்வளவு திறமையாகச் செயல்பட்டது, அத்திறமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் வர்ஜீனியாவைப்போல் விடை தரும் எடுத்துக்காட்டுகள் குறைவு. அங்கு நடந்த பேச்சுவார்த்தைகளில் பெரும்பகுதி, ஓய்வு பெற்ற குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் மாநிலச் செனட்டராக இருந்த ஜோசஃப் கேபெலுக்கும் இடையிலான கடிதங்களில் பதிவாகி, 1856இல் நூலாகவும் வெளிவந்துள்ளது. அரசியல் பேரங்கள் இவ்வளவு விரிவான எழுத்துத் தடயத்தை விட்டுச் செல்வது வழக்கமன்று.

பல்கலைக்கழகத்தை நிறுவும் எண்ணம் தனித்துப் பிறந்ததன்று. ஜெஃபர்சன் 1779இல் பேரவையின் முன் வைத்த கல்விப் பரவல் மசோதா, அடிமைப்படாத குடும்பங்களின் ஆண் பெண் குழந்தைகள் அனைவருக்கும் மூன்றாண்டு இலவசத் தொடக்கக் கல்வியையும், அதன்மேல் இலக்கணப் பள்ளிகளையும், உச்சியில் பல்கலைக்கழக நிலைக் கல்வியையும் கொண்ட ஒரு கூம்பை வரைந்தது. அந்த மசோதா நிறைவேறவில்லை. அதன் தொடக்கக் கல்விப் பகுதி மட்டும் 1796இல் சட்டமானபோது, பள்ளிகளைத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்தந்த மாவட்ட நீதிமன்றங்களிடம் விடப்பட்டது. அந்நீதிமன்றங்களில் அமர்ந்திருந்தவர்களோ பள்ளி வரியின் பெரும்பங்கைச் செலுத்த வேண்டியிருந்த நிலக்கிழார்கள். ஆகவே சட்டம் ஏட்டளவில் நின்றது. 1810இல் அபராதங்கள், வாரிசில்லாச் சொத்துகள் முதலியவற்றிலிருந்து வரும் தொகையைக் கல்விக்கென ஒதுக்கும் நிதியம் ஒன்று, லிட்டரரி ஃபண்ட் என்ற பெயரில், அமைக்கப்பட்டது. 1812ஆம் ஆண்டுப் போருக்காக மாநிலம் செலவிட்ட தொகையை ஒன்றிய அரசு திருப்பித் தந்தபோது அது இந்நிதியத்தில் சேர்க்கப்பட்டதால், வரி விதிக்காமலேயே செலவிடக்கூடிய பெருந்தொகை ஒன்று 1816இல் பேரவையின் கைக்கு வந்தது. பின்னர் நிகழ்ந்த அரசியல் முழுவதும் இப்பணத்தைச் சுற்றியே சுழன்றது. வரி விதித்துத் திரட்ட வேண்டியிருந்தால், வர்ஜீனியாவில் பல்கலைக்கழகமும் தோன்றியிருக்காது, பள்ளியும் தோன்றியிருக்காது என்று துணிந்து கூறலாம்.

இப்பணம் எங்கே செல்லும் என்பது முடிவாகும் முன்பே ஜெஃபர்சன் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார். காகிதத்தில் மட்டுமே இருந்த அல்பெமார்ல் அகாதமி என்ற பள்ளியின் அறங்காவலர் குழுவில் 1814இல் சேர்ந்து, 1816இல் அதைச் சென்ட்ரல் காலேஜ் என்ற கல்லூரியாக மாற்றும் சட்டத்தைக் கேபெல் வழியாகப் பெற்று, தனியாரிடம் ஏறத்தாழ 44,000 டாலர் நன்கொடை உறுதிகளைத் திரட்டினார். 1817 அக்டோபர் 6 அன்று அதன் அடிக்கல் நாட்டப்பட்டபோது, பதவியிலிருந்த குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோவும், பதவி முடித்திருந்த மாடிசனும் ஜெஃபர்சனும் மேற்பார்வையாளர் குழு உறுப்பினர்கள் என்ற முறையில் அருகருகே நின்றனர். ஒரு மாவட்டக் கல்லூரிக்கு மூன்று குடியரசுத் தலைவர்கள் தேவையில்லை. மாநிலப் பல்கலைக்கழகம் எங்கே அமைய வேண்டும் என்ற விவாதம் தொடங்கும்போது, அதற்கு ஒரு விடை ஏற்கெனவே செங்கல்லாக நின்றிருக்க வேண்டும் என்பதே இவ்விழாவின் உட்பொருள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இதற்கு மாற்றான ஒரு பாதையும் திறந்திருந்தது என்பதைப் பல்கலைக்கழகத்தின் புகழ் பாடும் வரலாறுகள் விரைவாகக் கடந்துவிடுகின்றன. ஃபெடரலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சார்லஸ் ஃபென்டன் மெர்சர் கொண்டுவந்த மசோதா, மாநிலம் முழுவதற்கும் தொடக்கப் பள்ளிகள், அவற்றுக்குமேல் அகாதமிகளும் கல்லூரிகளும், இறுதியாக ஒரு பல்கலைக்கழகம் என்ற வரிசையில், கீழிருந்து மேலாக நிதியைச் செலவிட முனைந்தது. பிரதிநிதிகள் அவையில் நிறைவேறிய அம்மசோதா, செனட்டில் இரு தரப்பு வாக்குகளும் சமமாக விழுந்ததால் தோற்றது. எதிர்த்தவர்களுள் முன்னின்றவர் கேபெல். மெர்சரின் திட்டத்தில் குறைகள் இருந்தன. பள்ளிகள் அனைத்தையும் தலைநகரிலிருந்து ஒரு வாரியம் ஆளுவது பொருந்தாது என்றும், ஒவ்வொரு வட்டாரத்தின் குடிமக்களே தம் பள்ளியை நடத்த வேண்டும் என்றும் ஜெஃபர்சன் கூறிய மறுப்பு, அவருடைய அரசியல் கொள்கையோடு இசைந்ததே. அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட இயலாது. ஆயினும் வட்டாரங்களே செலவை ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு 1796 முதல் இருபதாண்டுகள் சோதிக்கப்பட்டு, ஒரு பள்ளியைக்கூட ஒழுங்காக எழுப்பாமல் தோற்றிருந்ததை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. தோற்ற வழியைப் பள்ளிகளுக்கும், உறுதியான மாநிலப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கும் பரிந்துரைத்தபோது, இரண்டில் எது பிழைக்கும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது.

அடுத்த ஆண்டு நடந்தது இதைத் தெளிவாக்குகிறது. பிரதிநிதிகள் அவை, ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு ஆண்டுக்கு 45,000 டாலர் வழங்கும் எளிய மசோதா ஒன்றை மட்டுமே ஏற்றது. அதன் பின்னுக்கு, பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் என்ற விதியைச் செனட் ஒரு திருத்தமாக இணைத்து அனுப்ப, 1818 பிப்ரவரி 21 அன்று இரண்டும் ஒரே சட்டமாயின. தனி மசோதாவாக நின்றிருந்தால் பல்கலைக்கழகம் அவ்வாண்டு தோற்றிருக்கக்கூடும். ஏழைகளின் பெயரால் வந்த வண்டியின் பின்படியில் ஏறியே அது சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது. சட்டமன்ற உத்தி என்ற அளவில் இது பாராட்டுக்குரியது. பல்கலைக்கழகத்தை விரும்பியவர்கள் சிலரே என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது.

எந்த ஊர் என்ற கேள்வியைச் சட்டம் நேரடியாகத் தீர்க்காமல், ஒவ்வொரு செனட் தொகுதிக்கும் ஒருவராக ஆளுநர் நியமிக்கும் 24 ஆணையர்களிடம் விட்டது. புளூ ரிட்ஜ் மலைத்தொடரின் ராக்ஃபிஷ் கணவாயிலிருந்த ஒரு விடுதியில் 1818 ஆகஸ்ட் 1 அன்று அவர்களுள் 21 பேர் கூடினர். ஜெஃபர்சனே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மாடிசனும் ஓர் ஆணையர். போட்டியிட்ட ஊர்கள் மூன்று: மலைக்குக் கிழக்கே சார்லட்ஸ்வில், மேற்கே ஸ்டான்டனும் லெக்சிங்டனும். லெக்சிங்டனில் முன்பே இயங்கிவந்த வாஷிங்டன் கல்லூரி தன் சொத்துகளையும், அதற்கென ஒருவர் எழுதிவைத்த பெரும் உடைமையையும் மாநிலத்துக்கு அளிக்க முன்வந்தது. ஜெஃபர்சனோ மாநிலத்தின் நடுப்புள்ளி எது என்ற கணக்கை முன்வைத்து, வெள்ளை மக்கள்தொகையின் மையம் சார்லட்ஸ்வில்லை ஒட்டியே விழுகிறது என்று வரைபடத்தால் காட்டினார். வாக்கெடுப்பில் சார்லட்ஸ்வில்லுக்கு 16, லெக்சிங்டனுக்கு 3, ஸ்டான்டனுக்கு 2 வாக்குகள் விழுந்தன. பரிந்துரையை எழுதுபவரும், பரிந்துரையால் பயன்பெறும் கல்லூரியின் நிறுவனரும், அதைத் தீர்மானிக்கும் குழுவின் தலைவரும் ஒருவரே என்ற நிலையை இன்றைய நிருவாக நெறி ஏற்காது. அக்காலத்தில் அது பெரிய கண்டனத்துக்குள்ளாகவில்லை என்பது, அம்மாநிலத்தின் அரசியல் எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் நடந்தது என்பதைக் காட்டுகிறது.

எனினும் இப்பரிந்துரை பேரவையில் தானாக நிறைவேறிவிடவில்லை. மேற்குப் பகுதி உறுப்பினர்களும், தம் பழைய கல்லூரியான வில்லியம் அண்டு மேரியின் பக்கம் நின்ற கடற்கரைப் பகுதியினரும் சேர்ந்தால் தோல்வி உறுதி. கேபெல் உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் ரிச்மண்டில் தங்கி, உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்து, நாளிதழில் கட்டுரைகள் வெளிவரச் செய்து, இவ்விரு அணிகளும் இணையாதவாறு பார்த்துக்கொண்டார். சார்லட்ஸ்வில்லை மசோதாவிலிருந்து நீக்க வேண்டும் என்ற தீர்மானம் 69க்கு 114 என்ற கணக்கில் தோற்றபின், ஸ்டான்டன் பக்கத்துப் பிரதிநிதியான பிரிஸ்கோ பால்ட்வின் எழுந்து, தன் பகுதி தோற்றாலும் மாநிலத்தின் பொருட்டு மசோதாவை எல்லோரும் ஆதரிக்க வேண்டும் என்று வேண்டினார். அரசியல் ஆதரவின் சிறந்த முகம் இங்கே வெளிப்படுகிறது: தோற்ற தரப்பு நிறுவனத்தைத் தன்னுடையதாகவும் கருத இடம் கிடைத்தது. அந்த இடத்தை ஆளுநர் அலுவலகமும் விரிவாக்கியது. புதிய மேற்பார்வையாளர் குழுவில் மேற்குப் பகுதியின் சாப்மன் ஜான்சனும், ஃபெடரலிஸ்டான ஜேம்ஸ் பிரெக்கின்ரிட்ஜும் இடம்பெற்றனர். ஒரு கட்சியின் அல்லது ஓர் ஊரின் கல்லூரி என்ற பழியிலிருந்து இது பல்கலைக்கழகத்தை ஓரளவு காத்தது.

பொதுப் பணத்தை நம்பியதால் கிடைத்த மற்றொரு நன்மை, சமயச் சபைகளின் பிடியிலிருந்து விலகி நிற்கும் சுதந்திரம். அக்கால அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு சபையின் ஆதரவில் வளர்ந்தவை. தலைவர்கள் பெரும்பாலும் போதகர்கள். வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் இறையியல் பேராசிரியர் பதவியே இல்லாமல் அமைந்தது. வளாகத்தின் நடுவே தேவாலயம் இருக்க வேண்டிய இடத்தில், ரோமானியப் பாந்தியனைத் தழுவிய ரொட்டண்டா என்ற வட்டக் கட்டடத்துக்குள் நூலகம் வைக்கப்பட்டது. ஆனால் வாக்காளர்களின் சமய உணர்வுக்குப் பதில் சொல்ல வேண்டிய சட்டமன்றம் இச்சுதந்திரத்துக்கு எல்லையும் வகுத்தது. முதல் பேராசிரியராக நியமிக்கப்பட்ட அறிவியலாளர் தாமஸ் கூப்பரின் சமயக் கருத்துகளைப் பிரஸ்பிட்டேரியன் சபையினர் கடுமையாக எதிர்த்தபோது, பேரவையின் அடுத்த நிதி ஒதுக்கீடு ஆபத்துக்குள்ளாகும் என்று ஆதரவாளர்கள் அஞ்சினர். 1820இல் கூப்பர் விலகி, தென் கரோலினாவுக்குச் சென்றார். சபையிடமிருந்து விடுபட்ட நிறுவனம், சபைகளுக்கு அஞ்சும் பேரவையிடம் கட்டுண்டது.

பணத்தைப் பொறுத்தவரை ஜெஃபர்சன் கையாண்ட முறை இன்றும் பொதுப்பணித் திட்டங்களை நடத்துவோர் அறிந்ததே. வகுப்புகளை விரைவில் தொடங்கிக் கட்டடங்களைப் பின்னர் சேர்க்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. முழு வளாகமும் எழுந்தபின்பே திறப்பு என்பதில் உறுதியாக இருந்தார். சிறிதாகத் தொடங்கினால் சிறிதாகவே விட்டுவிடுவார்கள், பெரிதாக நிறுத்திவிட்டால் பாதியில் கைவிட எந்தப் பேரவைக்கும் துணிவு வராது என்பது அவருடைய கணிப்பு. ஆண்டு மானியமான 15,000 டாலர் இதற்குப் போதாததால், கல்வி நிதியத்திலிருந்தே 60,000 டாலர் வீதம் மூன்று முறை கடன் அனுமதிக்கப்பட்டது. மொத்தக் கடன் 180,000 டாலரான நிலையில், மானியத்தின் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மதிப்பீடு உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் இதுவே கடைசி என்று பேரவைக்குச் சொல்லப்பட்டது. கேபெலே சலித்துப்போய் 1821இல் அரசியலை விட்டு விலக எண்ண, ஜெஃபர்சன் உருக்கமாக எழுதித் தடுக்க வேண்டியதாயிற்று. 1824இல் பேரவை இக்கடன் சுமையிலிருந்து பல்கலைக்கழகத்தை விடுவித்ததோடு, ஒன்றிய அரசிடமிருந்து வரவேண்டியிருந்த வட்டித் தொகையிலிருந்து நூல்களுக்கும் கருவிகளுக்குமாக 50,000 டாலரும் ஒதுக்கியது. கணிப்பு பலித்தது. இந்த உத்தி இல்லாதிருந்தால், பெயரளவில் தொடங்கப்பட்டு ஒரு கட்டடத்தோடு நின்றுபோன பல மாநிலக் கல்லூரிகளின் வரிசையில் வர்ஜீனியாவும் சேர்ந்திருக்கும் என்பதை எதிராளிகளும் மறுக்க இயலாது.

ஆனால் மதிப்பீட்டை மறைத்துப் பெறும் ஆதரவு நம்பிக்கையை அரிக்கிறது. பேரவை உறுப்பினர் ஒருவர் தன் தொகுதிக்குத் திரும்பி, பள்ளிகளுக்கு ஏன் பணமில்லை என்ற கேள்விக்கு, கடன் நிதியத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய் மானியமாக மாறிவிட்டது என்று விளக்க வேண்டியிருந்தது. இந்தக் கசப்பு உயர்கல்விக்குள்ளும் பரவியது. 1824இல் நலிந்திருந்த வில்லியம் அண்டு மேரி கல்லூரியைத் தலைநகர் ரிச்மண்டுக்கு மாற்ற அதன் தலைவர் முயன்றபோது, புதிய பல்கலைக்கழகத்துக்கு ஒரு போட்டியாளர் உருவாவதைத் தடுக்க, அக்கல்லூரியைக் கலைத்து அதன் அறக்கட்டளை நிதியை மாநிலம் முழுதும் பத்து மாவட்டக் கல்லூரிகளுக்குப் பிரித்துத் தரும் மசோதாவை ஜெஃபர்சன் எழுதிக் கேபெலிடம் கொடுத்தார். தம் ஊருக்கும் ஒரு பங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே பல உறுப்பினர்களைத் திருப்பிவிட, இடமாற்றம் தோற்றது. தான் படித்த கல்லூரியின் மீதே இவ்வாயுதத்தை ஏவினார் என்பதில், பொதுப் பணத்துக்கான போட்டி நிறுவனங்களுக்கிடையே எத்தகைய உறவை விளைவிக்கும் என்பதைக் காணலாம்.

இவற்றைவிடப் பெரிய குறை, ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட 45,000 டாலரின் கதியில் இருக்கிறது. அத்தொகை பள்ளிகளைக் கட்டவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமிக்கப்பட்ட ஆணையர்கள், ஏழை என்று சான்றளிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அருகிலிருந்த தனியார் பள்ளியில் கட்டணம் செலுத்தினர். ஏழை என்ற முத்திரையை ஏற்கப் பெற்றோர் பலர் மறுத்தனர். பள்ளியே இல்லாத இடங்களில் பணம் செலவாகாமல் கிடந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஜெஃபர்சனும் கேபெலும் இருந்தார்கள். ஆண்டுதோறும் ரிச்மண்டில் நின்று வாதாடுவதற்கு ஊர்ப்பள்ளிக்கு ஒருவரும் இல்லை. ஆதரவு தேடுபவரின் செல்வாக்கைப் பொறுத்தே பொதுநலம் வரிசைப்படுத்தப்படும் எந்த ஏற்பாட்டிலும் இதுவே நிகழும். ஏழை மாணவர்களுள் சிறந்தவர்களைப் பொதுச் செலவில் மேலே அனுப்பும் பழைய திட்டமும் கூம்பின் கீழ்த்தட்டோடு சேர்ந்து கைவிடப்பட்டதால், 1825 மார்ச் 7 அன்று திறக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில் பெரும்பாலும் தோட்டமுதலாளிகளின் மக்களே அமர்ந்தனர். ஐரோப்பாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஐந்து பேராசிரியர்களை எதிர்த்து அதே ஆண்டு அக்டோபரில் மாணவர்கள் கலகம் செய்தபோது, தமக்குக் கட்டளையிட எவருமில்லை என்று வீட்டில் வளர்க்கப்பட்ட ஒரு வகுப்பின் இயல்பு வெளிப்பட்டது. கல்வித் தரத்தில் நிறுவனம் வென்றது. மாணவர்கள் தாமே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையும், தனித்தனித் துறைப்பள்ளிகளும் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயின. அந்த வெற்றியின் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பது வேறு கேள்வி.

பேரவை எவருடைய பேரவை என்பதையும் கருத வேண்டும். வெள்ளை ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1851இல்தான் வந்தது. அதுவரை பெரும்பாலும் நிலமோ சொத்தோ உடையவரே வாக்காளர். மாநிலத்தின் மையத்தைக் கணக்கிட்ட வரைபடத்தில் இடம்பெறாத அடிமைப்பட்ட கறுப்பின மக்களே அவ்வளாகத்தின் மண்ணைச் சமன்செய்து, செங்கல் சுட்டு, பின்னர் மாணவர்க்கும் பேராசிரியர்க்கும் பணிசெய்தனர். 1817 முதல் 1865 வரை அவ்வாறு உழைத்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று பல்கலைக்கழகமே இன்று மதிப்பிட்டு, அவர்களுக்கு நினைவுச்சின்னமும் எழுப்பியுள்ளது. அடிமை முறையோடு இருந்த இணைப்பு உழைப்போடு முடியவில்லை. 1820ஐ ஒட்டி மிசௌரியில் அடிமை முறையை அனுமதிப்பதா என்ற சர்ச்சை நாட்டைப் பிளந்தபோது, வட மாநிலக் கல்லூரிகளுக்குச் செல்லும் இளைஞர்கள் தம் மாநிலத்துக்கு எதிரான கருத்துகளோடு திரும்புகிறார்கள் என்ற அச்சத்தை, மேலும் பணம் கேட்பதற்கான வாதமாக ஜெஃபர்சன் தம் கடிதங்களில் பயன்படுத்தினார். தயங்கிய உறுப்பினர்களை அது அசைத்திருக்கும். ஆனால் மனத்தின் எல்லையற்ற சுதந்திரத்துக்கென நிறுவப்பட்ட இடத்தை ஒரு வட்டாரத்தின் அரணாக விற்பதாகவும் அது அமைந்தது. அரசாட்சி பற்றிய பாடத்தில் எந்நூல்கள் படிக்கப்பட வேண்டும் என்பதை 1825இல் மேற்பார்வையாளர் குழு தீர்மானமாகவே நிறைவேற்றியது. மாநில உரிமைகளை வலியுறுத்திய 1799ஆம் ஆண்டு வர்ஜீனியா ஆவணமும் அப்பட்டியலில் இருந்தது. வாஷிங்டனின் பதவியேற்பு உரையையும் விடைபெறும் உரையையும் சேர்க்கச் சொல்லி அதன் ஒருபக்கச் சாய்வைத் தணித்தவர் மாடிசன். மற்ற எல்லாத் துறைகளிலும் பேராசிரியரின் விருப்பத்துக்கு விடப்பட்ட நூல் தேர்வு, நிறுவனத்தைப் பெற்றெடுத்த அரசியல் எங்கே தன்னைக் காத்துக்கொள்ள விரும்பியதோ அங்கே மட்டும் மறுக்கப்பட்டது.

மெர்சரின் மசோதா வென்றிருந்தால் பல்கலைக்கழகம் தாமதமாகவும் வேறொரு ஊரிலும் சிறிய அளவிலும் வந்திருக்கும். ஒருவேளை வராமலும் போயிருக்கும். பள்ளிகளோ அரை நூற்றாண்டு முன்பே தொடங்கியிருக்கும், அதுவும் வெள்ளைக் குழந்தைகளுக்கு மட்டுமே; ஏனெனில் 1831இல் கறுப்பின மக்கள் எழுத்து கற்கக் கூடுவதையே வர்ஜீனியாப் பேரவை தடை செய்தது. உள்நாட்டுப் போருக்குப்பின் 1867–68இல் கூடிய அரசியலமைப்பு மன்றத்தில் முதன்முறையாகக் கறுப்பின உறுப்பினர்கள் இருபத்துநால்வர் அமர்ந்தனர். அம்மன்றம் வரைந்து 1869இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பே மாநிலம் முழுதுக்கும் பொதுப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியது. 1870இல், பிரிக்கப்பட்ட வகுப்பறைகளோடு, அப்பள்ளிகள் இயங்கத் தொடங்கின. அவற்றில் படித்த கறுப்பின மாணவர் ஒருவருக்கும் நெடுங்காலம் பல்கலைக்கழகம் இடம் தரவில்லை; முதல் கறுப்பின மாணவர் நீதிமன்ற ஆணையின் பேரில் அதன் சட்டப் பள்ளியில் சேர்ந்தது 1950இல்.